எங்க மண்டபத்துல மொதல் கல்யாணம்

வாங்க தம்பி, உள்ளே வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாமுங்க, போட்டுட்டே வாங்க. பாத்து, தரை வழுக்கும். தினமும் நான்தான் துடைக்கறேன், அதுதான் இப்படி மின்னுது. நாலு கல்யாணம் நடந்து, நாலு பேரு பாயசத்தைக் கொட்டியிருந்தா மின்னாதுங்க.

எங்கண்ணன் நேத்தே சொல்லீட்டாரு. "பார்சல் கம்பெனியில இருந்து ஒரு தம்பி வருவாரு, கோடவுனுக்கு ஆகுமான்னு அளந்து பாப்பாரு, நீ குறுக்க பேசாத மயிலாத்தா"ன்னாரு. நான் பேசாம இருக்கற ஆளுங்களா? நீங்க அளங்க. அளந்துட்டே கேளுங்க. காதுக்கு என்ன வேலை.

அது என்ற போனுதானுங்க. அடிச்சுட்டே இருக்கும், கண்டுக்காதீங்க. வெடியால எந்திரிச்சதுல இருந்து அப்படித்தான் அடிக்குது.

இது மெயின் ஹாலு. அதா, மேடை. அந்தத் தூணுக்கு அக்கட்டால போனா சாப்பாட்டு ஹாலு. நீங்க மொதல்ல அதைப் பாக்கணும். வாங்க. பாத்தீங்களா? இந்தக் கோடியில நின்னு கூப்பிட்டா அந்தக் கோடியில காது கேக்காது. தாராபுரம் ரோட்டுல எவனும் இப்படிக் கட்டலைங்க. ஏன் இம்புட்டுப் பெருசுன்னு உங்க மொகத்துலயே கேள்வி நிக்குது. சொல்றேன்.

நான் கட்ட நெனைச்ச காலத்துல எங்க பக்கம் கல்யாணம்னா ஆறு ஊரு சனம் வருமுங்க. பந்தியில எடம் பிடிக்கறதுக்கு, சாப்பிட்டுட்டு இருக்கறவங்க முதுகுக்குப் பின்னாலயே போயி நின்னுக்குவாங்க. இவன் ரசம் ஊத்தறப்பவே அவன் நாற்காலியைப் பிடிச்சிருப்பான். திங்கறவனுக்கும் எறங்காது, நிக்கறவனுக்கும் மரியாதை இல்லை. எங்க வீட்டுக்காரரு இருந்தப்போ, ஒரு கல்யாணத்துல அப்படி நின்னு நின்னு, "வா மயிலா, வீட்டுல போயி பழைய சோறு குடிக்கலாம்"னு கூட்டிட்டு வந்துட்டாரு. ரோசக்காரரு. அவரு போனப்புறம் ரோட்டோர வெள்ளாமைக் காட்டை வித்துட்டு இதைக் கட்டினேன். வர்ற ஒறம்பரை சனம் ஒருத்தரும் அடுத்தவன் முதுகைப் பாத்துட்டு நிக்கக் கூடாதுன்னு கட்டினேன்.

நாற்காலி மேல அது பிளாஸ்டிக் கவருங்க. கடையில இருந்து வந்தது அப்படியே இருக்குது. பிரிக்கலை. சமையல்கட்டுல அண்டா, கொப்பரை, கரண்டி எல்லாம் இருக்குது, ஒண்ணுலயும் அடுப்புக்கரி படலை. உங்களுக்குச் சிரிப்பு வருது. சிரிங்க, சிரிங்க, எங்கண்ணனும் இப்படித்தான் சிரிப்பாரு.

மண்டபம் முடிஞ்சு பால் காய்ச்சினன்னைக்கு எங்க சனத்து அருமைக்காரர் வந்திருந்தாருங்க. எங்க பக்கம் கல்யாணம் நடத்தி வெக்கற பெரிய மனுசரு. அவருதான் சொன்னாரு, மொதல் விசேஷம் கட்டினவங்க வீட்டு விசேஷமா இருந்தா மண்டபம் விளங்கும்னு. எனக்கு அது மனசுல ஆணி அடிச்ச மாதிரி நின்னு போச்சு. எனக்கு ஒரே பையன், லோகநாதன். லோகுன்னு கூப்பிடுவோம். அவன் கல்யாணம்தான் இந்த மேடையில மொதல்ல நடக்கணும். அப்புறம் யாரு வேணா வரட்டும். இதுல என்ன தப்பு சொல்லுங்க?

அன்னைக்கு வெளக்கேத்தினது எங்கண்ணனும் நங்கையாளும், அதாவது அண்ணன் சம்சாரமும். ஜோடியா நின்னு ஏத்துனாங்க. நெம்ப நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் பாக்கலைங்க. நான் ஸ்டோர் ரூம்ல பாத்திரத்தை அடுக்கிட்டு இருந்தேன். யாரும் போகச் சொல்லலை. தாலி இல்லாதவ நல்ல காரியத்துல முன்னால நிக்கலாமுங்களா? நமக்கே தெரிய வேண்டாமா? கதவு இடுக்குல வெளக்கு வெளிச்சம் கொஞ்சம் தெரிஞ்சுது. அது போதுமுங்க.

மறுபடியும் அடிக்குது பாருங்க. அடிச்சு ஓயட்டும்.

மொத வருஷம் கேட்டு வந்தவங்களைச் சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு வாத்தியாரு மகளுக்குக் கேட்டு மூணு தடவை நடந்தாரு. மளிகைக் கடைக்காரர் மகனுக்குக் கேட்டாங்க. "எங்க லோகு கல்யாணம் முடியட்டுமுங்க, அடுத்த முகூர்த்தம் உங்களுக்குத்தான்"னு எல்லாருக்கும் மோர் குடுத்துத் தாட்டி விட்டேன். மறு வருஷம் அப்பப்ப வந்தாங்க. அதுக்கடுத்து போன்ல கேட்டாங்க. அப்புறம் அதுவும் நின்னுருச்சு. அதுக்கப்புறம் கேட்டு வந்தது நீங்கதானுங்க.

லோகுக்குப் பொண்ணு பாக்கலையான்னு கேப்பீங்க. பாக்காத ஊரு எது? கல்யாண மார்க்கெட்டே தலைகீழாப் போச்சு தம்பி. எங்க காலத்துல தோட்டம் இருக்குதான்னு கேட்டுத்தான் பொண்ணு குடுப்பாங்க. இப்பத் தோட்டம் இருக்குதுன்னு சொன்னாலே பயப்படறாங்க. பையன் என்ன பண்றான்? தென்னந்தோப்பு, நாலு மாடு. அவ்வளவுதான், காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சுருவாங்க. அந்தப் பொண்ணு உள்ள போனைத் தடவிட்டு உக்காந்திருக்கும், வெளியவே வராது.

ஒண்ணே ஒண்ணு அமைஞ்சுதுங்க. உடுமலைப் பக்கம். பொண்ணு தங்கமான பொண்ணு, லோகுக்கும் பிடிச்சுப் போச்சு. கல்யாணத்தை அவங்க ஊர்லயே, அவங்க கோயில் மண்டபத்துலயே வெச்சுக்கலாம்னாங்க. பொண்ணோட அப்பாரு படுத்த படுக்கையா இருக்கறாரு, அவரு கண்ணுல பாக்கணும்னு. நான் ஒத்துக்குவேனா? இம்புட்டுப் பெரிய மண்டபத்தைக் கட்டி வெச்சுட்டு, என்ற மகன் எவன் மண்டபத்துலயோ போயித் தாலி கட்டறதா? வேண்டாம்னுட்டேன். லோகு எப்பவுமே எதுத்துப் பேச மாட்டான். அன்னைக்குப் பொழுதோட மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, அந்தத் தொட்டிமேலயே நெம்ப நேரம் உக்காந்திருந்தான். உடம்பு சரியில்லை போலன்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன்.

இப்ப அவனுக்கு வயசு ஏறிப் போச்சு. உங்களைவிட ரெண்டு மூணு வயசு எச்சா இருக்குமுங்க. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா? ஆயிருச்சு. எந்த மண்டபம்? ஓட்டல்லயா! அட கடவுளே. நின்னுட்டே தட்டுல வாங்கித் தின்னுருப்பாங்களே எல்லாரும். சரி சரி, கோவிச்சுக்காதீங்க.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால எங்கண்ணனும் லோகுவும் சேந்து என்னைய உக்கார வெச்சாங்க. இதே எடத்துலதானுங்க, இந்த ஹால் நடுவுல மூணு நாற்காலி போட்டு. கவரு மேலயேதான் உக்காந்தோம். எங்கண்ணன் ஆரம்பிச்சாரு. "மயிலா, நீ கட்ட ஆரம்பிச்சப்போ போட்ட கணக்கு வேற, இன்னைக்கு இருக்கற நெலமை வேற. இன்னைக்கு எவனும் ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்றதில்லை. பைபாஸ் மேல ஏசி போட்டுக் குட்டிக் குட்டியா ஹாலு வந்துருச்சு. அதுதான் ஓடுது. உன்ற மண்டபத்துக்கு இன்னைக்கு என்ன மதிப்புன்னு மறுபடியும் மொதல்ல இருந்து யோசிக்கணும். இல்லைன்னா இது வெறும் கட்டடம்."

வெறும் கட்டடமாமா! வெளக்கேத்தின கையி அவருது, அவரே சொல்றாரு.

லோகு அன்னைக்குத்தான் வாயைத் திறந்து பேசினான். காகிதத்துல படமே போட்டுட்டு வந்திருந்தான். "அம்மா, இந்தச் சாப்பாட்டு ஹாலுக்கு நடுவுல ஒரு சுவரு வெச்சாப் போதும். ஒரு பக்கம் ஏசி போட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, பொறந்தநாளுன்னு விடலாம். சின்னதாக் கேக்கறவங்கதான் இப்ப எச்சா. மெயின் ஹாலை நீ அப்படியே வெச்சுக்க. இன்னும் கொஞ்ச நாளு போனா இதுக்கும் ஆளு வராதும்மா. மண்டபம் அப்படியே இருக்குது, ஊருதான் மாறிப் போச்சு."

"சோறு போடற எடத்துல சுவரு வெப்பியாடா?"ன்னு கேட்டேன். "மொதல்ல நம்ம வீட்டு விசேஷம் நடக்கட்டும். அப்புறம் சுவரோ, கூரையோ."

அவன் அந்தக் காகிதத்தை மடிச்சான். மடிச்சுட்டே சொன்னான், "சரிம்மா. அப்படின்னா வர்ற தையில நானே கல்யாணம் பண்ணிக்கறேன். இந்த மேடையிலயே."

எனக்கு அப்படியே கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. எந்திரிச்சுப் போயி அவன் மொகத்தைத் தடவினேன். "பொண்ணு யாரு சாமி?"ன்னு கேட்டேன். எங்கண்ணன் மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. அவருக்கு முன்னாலயே தெரியும் போல.

ஜமுனான்னு ஒரு பொண்ணு. எங்கூர் பால் சொசைட்டியில பால் அளந்து எழுதறவ. தினமும் ரெண்டு நேரம் லோகு பால் கொண்டு போவானில்லீங்க, அங்க பழக்கம். நல்ல பொண்ணுதான், நான் கொறை சொல்ல மாட்டேன். நானும் பாத்திருக்கறேன். அளவுல ஏமாத்த மாட்டா, ஒரு வார்த்தை எச்சாப் பேச மாட்டா. ஆனா புருஷன் காமாலையில போயிச் சேந்துட்டான். கையில ஒரு பொண்ணு வேற, பள்ளிக்கூடம் போற பொண்ணு.

நான் எப்படிங்க ஒத்துக்கறது? எங்காச்சும் கோயில்ல கட்டிக்கறேன்னு சொல்லியிருந்தாக்கூட மனசைக் கல்லாக்கிட்டு இருந்திருப்பேன். மொதல் விசேஷம்! இந்த மேடையில! "தாலி அறுத்தவளையா கொண்டு வந்து மொதல்ல மணையில உக்கார வெக்கறது? மண்டபம் விளங்குமாடா?"ன்னு கத்தீட்டேன். இந்த ஹால்ல அன்னைக்குத்தான் முதல் தடவையா எதிரொலி கேட்டேன்.

லோகு என்னைய நிமிந்து பாத்தான். "அம்மா, நீயும்..."னு ஆரம்பிச்சான். அப்புறம் நிறுத்திட்டான். காகிதத்தைப் பையில வெச்சுட்டுப் போயிட்டான். நீயும்னு என்ன சொல்ல வந்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலைங்க. எத்தனையோ நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். நீயும் வாம்மான்னு சொல்ல வந்திருப்பானோ? நீங்க என்ன நெனைக்கறீங்க?

சரி விடுங்க, நீங்க அளங்க.

மலைக்கோயில்ல கட்டிக்கிட்டாங்க. நான் போகலை. எங்கண்ணன் போனாரு. போயிட்டு வந்து, "எளிமையா இருந்துச்சு"ன்னாரு, அவ்வளவுதான். லோகு இப்ப டவுன்ல வாடகை வீட்டுல இருக்கறான். தோட்டத்துக்குத் தினமும் வர்றான், மாட்டைப் பாக்கறான், மோட்டார் போடறான். நான் திங்கறனா இல்லையான்னு அடுப்புச் சாம்பலை எட்டிப் பாப்பான். எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டு இருக்கறான். ஒரு நாளு கேஸ்ல சமைச்சுட்டேன், சாம்பல் இல்லை. அன்னைக்கு வாசல்ல பொட்டணத்துல இட்லி இருந்துச்சு.

வீட்டுல இருக்க முடியலைங்க எனக்கு. ஒத்தையா இருந்தா அவன் கட்டிலைப் பாக்க வேண்டி வருது. அதனால இங்க வந்துட்டேன். அதா, அந்த மணமகள் அறையில படுத்துக்கறேன், சோறாக்க மட்டும் வீட்டுக்குப் போவேன். பெரிய கண்ணாடி இருக்குதுங்க அதுல, சுத்தியும் லைட்டு. பொண்ணுங்க அலங்காரம் பண்ணிக்கறதுக்குன்னு வெச்சது. நான் தலை சீவறதுக்கு எதுக்கு அம்புட்டு லைட்டு? போடறதில்லை.

என்னங்க? எடுத்துத்தான் பேசுங்களேன்னு சொல்றீங்களா? யாருன்னு தெரியும். லோகுதான். இல்லைன்னா எங்கண்ணன். எதுக்குன்னும் தெரியும்.

ஜமுனாவோட மக இருக்குதில்லீங்க, கனிஷ்கான்னு பேரு. வயசுக்கு வந்துருச்சு. இன்னைக்குச் சீரு. பைபாஸ் மேல அந்தக் குட்டி ஹாலு ஒண்ணுல வெச்சிருக்கறாங்க. போன வாரம் லோகு வந்தான். மண்டபத்துக் கேட்டுக்கு வெளியவே நின்னான். நான் நெனைச்சேன், மண்டபம் கேக்க வந்திருக்கறான்னு. தரமாட்டேன்னு சொல்றதுக்கு வார்த்தையெல்லாம் தயார் பண்ணிட்டேன். அவன் என்ன சொல்றான் தெரியுமுங்களா? "மண்டபம் கேட்டு வரலைம்மா, உன்னையக் கேட்டு வந்திருக்கறேன். பாப்பாவுக்கு மொதல் நலுங்கு நீதான் வெக்கணும். ஜமுனாவும் அதைத்தான் சொல்றா. நீ வந்து மஞ்சளைத் தொட்டு வெச்சப்புறம்தான் மத்தவங்க."

உலகத்துல எங்காச்சும் நடக்குமுங்களா இது? நான்! மொதல்ல! எங்க வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் ஒரு குழந்தைக்குப் பொட்டு வெச்சிருப்பனா? ஒரு நல்ல காரியத்துல தட்டைத் தூக்கியிருப்பனா? எல்லாரும் மேடையில நிக்கறப்போ சமையல்கட்டுல நின்னு, உப்புப் பாத்துச் சொன்னவ நான். "உனக்கென்னடா கிறுக்கா, புள்ளை வாழணுமில்ல"ன்னு திட்டி அனுப்பிட்டேன். அவன் போகறப்போ, "நல்ல நேரம் முடியறதுக்குள்ள வா. வர்ற வரைக்கும் போன் பண்ணிட்டே இருப்பேன்"னு சொல்லீட்டுப் போனான்.

இந்தச் சேலையா? இது சும்மா. பெட்டியிலயே கெடந்தா மக்கிப் போகும்னு எடுத்துக் கட்டினேன். வெடியால தலைக்குக் குளிச்சேன், எப்பவும் குளிக்கறதுதானுங்க.

போகலாம்னு கெளம்பி வாசல் கேட்டு வரைக்கும் போனேன். பொய் சொல்லலை உங்ககிட்ட. பஸ்ஸும் வந்துச்சு. அப்ப நெனைச்சேன், கோடவுன் பாக்க அந்தத் தம்பி வர்றாரு, பூட்டிக் கெடந்தா திரும்பிப் போயிருவாரு, எங்கண்ணன் கோவிச்சுக்குவாரு. அப்படியே திரும்பி வந்து உக்காந்துட்டேன். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. நீங்க சீக்கிரம் அளந்துட்டுப் போயிருந்தா நான் என்ன பண்ணியிருப்பனோ தெரியலை. அதனாலதான் இம்புட்டும் பேசறேன்.

சமையல்கட்டைப் பாத்துட்டீங்களா? அளவெல்லாம் சரியா வந்துச்சுங்களா? லாரி உள்ள வந்து திரும்பறதுக்கு எடம் இருக்குமுங்க, பஸ்ஸே திரும்பற மாதிரி விட்டிருக்கறேன்.

மணி என்னாச்சுங்க? ஓ. அப்பச் செரி. நல்ல நேரம் முடிஞ்சு போச்சு.

எடுத்துக்கங்க தம்பி. உங்க ஆபீஸ்ல சொல்லீருங்க, எடுத்துக்கட்டும். எங்கண்ணன் வந்து கையெழுத்துப் போடுவாரு, நானும் போடறேன். சனம் வராத எடத்துக்குப் பெட்டியாச்சும் வரட்டும். காவலுக்கு ஆளு போடுவீங்களா? ராத்திரிக்கும் இருப்பாங்களா? கொஞ்சம் பேசற ஆளாப் பாத்துப் போடுங்க. சோறு நான் ஆக்கிக் குடுக்கறேன்.

போனு நின்னுருச்சு பாத்தீங்களா? நீங்க மேடையை அளந்துட்டு இருக்கறப்போ ஒரு தடவை அடிச்சுது. அப்புறம் அடிக்கலை. அடிச்சுதுங்களா? இல்லை, இல்லை. செரி, நல்லதுதானுங்க. எங்க நங்கையாளே வெச்சிருப்பா நலுங்கு. அவளுக்கு இதெல்லாம் நல்லா வரும். பாப்பா நல்லா இருக்கட்டும். அதுக்குத்தானே நான் போகலை.

ஆனா ஒண்ணு சொல்றேன், நீங்க வெளியாளு, உங்ககிட்டச் சொன்னா என்ன. இன்னும் ஒரு தடவை அடிச்சிருந்தா எடுத்திருப்பனுங்க. எடுத்து, "இரு சாமி, வந்தர்றேன்"னு சொல்லியிருப்பேன். கதவைக்கூடப் பூட்டியிருக்க மாட்டேன். ஒத்தையில எனக்குப் பயமா இருக்குது தம்பி. இனிமே அவன் பண்ண மாட்டான்னு பயமா இருக்குது.

கெளம்பறீங்களா? இருங்க. ஒரு நிமிஷம் இருங்க. இந்தப் போனு நல்லாத்தான் இருக்குதான்னு எனக்குச் சந்தேகமா இருக்குது. நேத்து தண்ணித் தொட்டிகிட்ட ஒரு தடவை கீழ விழுந்துச்சு. உங்க போன்ல இருந்து இதுக்கு ஒண்ணு அடிச்சுப் பாருங்களேன். எங்கண்ணன் நெம்பரு குடுத்திருப்பாருங்களே.

ம்ம், அடிக்குதுங்க. நல்லாத்தான் அடிக்குது.

கட் பண்ணாதீங்க தம்பி. கொஞ்ச நேரம் அடிக்கட்டும்.